மீனுக்கு விசர் பிடிக்குமா? வரிக்குதிரை மீனும் மனச்சிதைவு நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம். வேலை கடல் கடந்து, ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். லீவில் வந்தால் "என்ன வேலை பிள்ளை?" என்று கேட்பார்கள். "மனச்சிதைவு நோயைப் பற்றி மீனில ஆராயிறம்" என்பேன். ஒருவர் சிரிப்பார், ஒருவர் பேச்சை மாற்றுவார். இன்னொருவர் கொஞ்சம் கழித்துத் தனியாக வந்து தன் வீட்டுக் கதையைச் சொல்வார். போன முறை கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் கதைத்தேன். அவர்கள் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த கேள்விகளும், குசினியிலும் மதவடியிலும் மற்றவர்கள் கேட்டவையும் கீழே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

மீனுக்கு விசர் பிடிக்குமா அக்கா?

பிடிக்காது. முதல் கேள்வி எப்போதும் இதுதான், சிரிப்போடு வரும். நானும் சிரிப்பேன், ஆனால் அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. என் சித்தப்பாவுக்கு 23 வயதில் வருத்தம் தொடங்கியது. வானொலியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று பெட்டியைச் சாக்கால் மூடி வைப்பார். பிறகு, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று அப்பம்மாவின் கையால் சாப்பாடு வாங்க மறுத்தார். அதற்கும் பிறகு ஒன்றும் கதைக்காமல் முற்றத்து வேம்பின் கீழ் நாள் முழுக்க இருந்தார். ஊர் இதற்கு விசர் என்று பேர் வைத்தது. வைத்தியர் மனச்சிதைவு என்றார். உளப்பிளவு என்றும் எழுதுகிறார்கள். 'பிளவு' என்றதும் ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் என்று நினைக்க வேண்டாம், அது வேறு சங்கதி.

"உனக்குக் குரல் கேட்கிறதா?" என்று மீனிடம் கேட்க முடியாது. வானொலி தன்னைப் பற்றிக் கதைக்கிறது என்று ஓர் உயிர் நம்ப, அதற்கு முதலில் மொழி வேண்டும், 'நான்' என்ற எண்ணம் வேண்டும். எந்த ஆய்வுகூடத்திலும் மனச்சிதைவு வந்த மீன் இல்லை. செய்தித் தலைப்பில் அப்படி வாசித்தால் அது தலைப்புப் போட்டவரின் பிழை.

பிறகு எதுக்கு மீனோட மினக்கெடுறீங்கள்?

தோட்டத்துக்கு இறைக்கிற மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? காபரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்துத் துளையை ஊதிப் பார்ப்பார். மேசையில் கிடக்கிற காபரேட்டர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைக்காது. ஆனால் அடைப்பு எங்கே என்று அதில் தெரியும்.

மீனும் அப்படித்தான். நோயின் முழு உருவம் அதில் கிடையாது. நோயோடு தொடர்புள்ள சில துண்டுகளைக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு பரம்பரையலகு (மரபணு, ஜீன்) கெட்டால் மூளை எப்படி வளர்கிறது, வேண்டாத சத்தத்தை மூளை எப்படி அடக்குகிறது, ஒரு மருந்து நரம்புக்கலங்களை என்ன செய்கிறது என்பவை அந்தத் துண்டுகள்.

அது என்ன மீன்? எங்கட குளத்தில இருக்கோ?

இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வலை போட்டுத் தேட வேண்டாம், அது நம் குளத்து மீன் அல்ல. கங்கைச் சமவெளி அதன் ஊர். 1822இல் பிரான்சிஸ் ஹமில்ற்றன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது இதையும் பதிந்தார். விரல் நீளம்கூட இல்லை, மூன்று நான்கு சென்ரிமீற்றர், உடம்பில் நீலக் கோடுகள். தொட்டி மீன் விற்கிற கடைகளில் 'சீப்ரா' என்றால் எடுத்துத் தருவார்கள்.

ஆய்வுக்கு இதைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர். 1981இல் அவர் வெளியிட்ட கட்டுரையோடுதான் இந்த மீன் மற்ற ஆய்வுகூடங்களின் கண்ணில் பட்டது. 2013இல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. மனிதரின் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மீனில் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று அப்போது தெரிந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வால்குறிப்பு: இந்த மீன்களின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. மனிதரில் ஒன்று இருக்கும் இடத்தில் மீனில் பல வேளை இரண்டு பிரதிகள். ஒன்றைக் கெடுத்தால் மற்றது வேலையைப் பார்த்துவிடும், ஆய்வு செய்பவர் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஏமாறுவார்.

விடியக் காலம எழும்பி நீங்கள் அங்க என்ன செய்வீங்கள்?

அம்மா கேட்டது. முதல் நாள் பின்னேரம் ஒரு சின்னப் பெட்டியில் ஆணையும் பெண்ணையும் விட்டு நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு தட்டைச் செருகி வைப்போம். அறையில் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. காலையில் லைற் எரிந்ததும் தட்டை இழுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் துரத்தல், பிறகு முட்டை. தாயும் தகப்பனும் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும், அதனால் அடியில் வலைத் தட்டு இருக்கும், முட்டை அதற்கூடாகக் கீழே விழும். கீழே விழுந்ததை எதால் வடிக்கிறோம் தெரியுமா? தேத்தண்ணி வடியால். கோடிக்கணக்கில் விலை போகிற நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் சந்தையில் வாங்கின வடி தொங்கும். அம்மாவுக்கு என் வேலையில் பிடித்தது இது ஒன்றுதான்.

முட்டை ஒன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், கண்ணாடி மணி போல ஊடே தெரியும். ஒரு நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும், வால் வெட்டும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். ஐந்தாம் நாள் நாலு மில்லிமீற்றர்க் குடம்பி நீந்தி இரை தேடும். தாயின் வயிற்றைக் கீறாமல், உயிரோடு, ஒரு மூளை உருவாகிறதை முதல் மணித்தியாலத்திலிருந்து பார்க்கலாம். எலியில் இது லேசில் முடியாத காரியம்.

சத்தம் போட்டு மீனைப் பயப்படுத்துறது எண்டு சொன்னீங்களே, அது என்ன?

திடீரென்று கதவு அடித்துச் சாத்தினால் நாம் திடுக்கிடுவோம். அதே அடிக்குச் சற்று முன்னால், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் முன்னால், மெல்லிய 'டிக்' ஒன்று கேட்டிருந்தால் திடுக்கீடு குறையும். நாம் யோசித்துக் குறைப்பதல்ல, யோசிக்க நேரமே கிடையாது. மூளை தானாகவே வாசலைச் சற்றுச் சாத்திக்கொள்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களைக் குழுவாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சாத்தல் சராசரியில் பலவீனமாக இருக்கிறது. 1978 முதல் திரும்பத் திரும்பக் கண்ட விசயம் இது.

மீன்குஞ்சிலும் இதே ஏற்பாடு உண்டு. மூளையின் பின்பக்கத்தில் மௌத்னர் கலம் என்று ஒரு சோடி பெரிய நரம்புக்கலங்கள். தட்டைத் தட்டினால் குஞ்சு கண் இமைக்கும் நேரத்துக்குள் உடம்பை வில்லாக வளைத்துப் பாயும். முதலில் மெல்லத் தட்டி, உடனே பலமாகத் தட்டினால் பாய்கிற குஞ்சுகளின் தொகை குறையும். 2007இல் பேர்ஜஸ், கிரனாற்றோ என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று கதைக்கப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று டோபமின். அதன் வேலையைக் கூட்டும் மருந்தைத் தண்ணீரில் கலந்தபோது, மனிதரில் போலவே, அந்தச் சாத்தல் தளர்ந்தது.

இது எனக்குப் பிடித்த பரிசோதனை. நோயாளியையும் மீனையும் ஒரே அளவுகோலால் அளக்கிற இடங்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. ஆனாலும் இந்தச் சாத்தல் வேறு சில வருத்தங்களிலும், உதாரணமாக ஹன்ரிங்ரன் என்ற பரம்பரை மூளை நோயிலும், குறைகிறது. இதை வைத்து ஒருவருக்கும் "உமக்கு மனச்சிதைவு" என்று சீட்டு எழுத ஏலாது.

நான் இண்டைக்கும் பட்டாசுக்குத் துள்ளி விழுறன். எனக்கும் அதுதானோ?

இதைக் கேட்டவர் மதவடியில் இருந்த ஒரு மாமா. சபையில் யாரும் சிரிக்கவில்லை. இல்லை மாமா, அது வேறு. சண்டைக் காலத்தில் செல் (எறிகணை) புறப்படுகிற 'குத்து'ச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து பழகின உடம்பு, இன்றைக்கும் காவல் காக்கிறது. அதிர்ச்சிக்குப் பிறகு வரும் அந்தத் துள்ளலுக்கு நெருக்கீட்டுப் பாதிப்பு என்று தனிப் பேரும் தனி வைத்தியமும் உண்டு. மனச்சிதைவில் நான் சொன்னது துள்ளலின் பெலத்தை அல்ல, முன்சத்தம் ஒன்று வந்த பிறகும் அது அடங்காமையை. நித்திரை கெடுகிறது, கனவில் எழும்புகிறீர்கள் என்றால் கிளினிக்கில் கதைக்கலாம். 'விசர்க் கிளினிக்' என்று வெளியில் நிற்கத் தேவையில்லை.

மீன்ர மூளை எங்கட மூளை மாதிரியோ?

அடிப்படை வரைபடம் ஒன்று, வீடு வேறு. நம் மூளையின் மேற்பட்டை ஆறு அடுக்கு, மீனில் அது இல்லை. டோபமின் கலங்கள் நமக்கு நடுமூளையில் குவிந்திருக்கும். மீனில் அந்த வேலையைப் பார்க்கிறவை முன்பக்கத்தில் வேறோர் இடத்தில் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள், குஞ்சுக்கு ஓர் இலட்சம் அளவில். சிறிது என்பது இங்கே வசதி: 2013இல் உயிரோடிருக்கும் குஞ்சு ஒன்றின் மூளைக் கலங்களில் 80 சதவீதத்துக்கு மேல், எது எப்போது மின்னுகிறது என்று ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள்.

2009இல நான் பிள்ளைத்தாச்சி. கஞ்சியும் இல்லாத நாள். அந்தப் பிள்ளைக்கு இப்ப பதினாறு. அவனுக்கு வருமோ?

இதைக் கேட்ட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மீனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

1944 - 45 பனிக்காலத்தில் ஜேர்மன் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. பட்டினி உச்சத்தில் இருந்தபோது கருவில் உண்டான பிள்ளைகளை, அவர்கள் வளர்ந்த பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். மனச்சிதைவு வழமையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. சீனாவில் 1959 - 61 பஞ்சத்திலும் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்தது. இரு மடங்கு என்றால் பயங்கரமாகக் கேட்கும். நூற்றில் ஒருவர் என்பது நூற்றில் இருவர் ஆகிறது, மற்றத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் வரவில்லை. அம்மா, உங்கள் மகன் அந்தத் தொண்ணூற்றெட்டில் ஒருவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு நாளும் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி மீனுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வேலையின் ஓட்டை எனக்கே சரியாகத் தெரிந்தது இந்தக் கேள்வியில்தான். மீன்முட்டை தாய்க்கு வெளியே வளர்கிறது என்று மேலே பெருமையாக எழுதினேன். அதே காரணத்தால் அதற்குச் சூல்வித்தகம், அதாவது தாயையும் கருவையும் இணைக்கிற நஞ்சு, இல்லை. தாய் சாப்பிட்டாளா, பட்டினியா, பங்கருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாளா என்பதெல்லாம் மனிதக் கருவுக்கு அந்த ஒரு வழியால்தான் போகிறது. மீன்முட்டை தன் சோற்றை மஞ்சள்கருவாகக் கட்டிக்கொண்டு வருகிறது, தாய் அதற்குப் பிறகு திரும்பியும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற கரு வேண்டுமென்று தெரிந்தெடுத்த உயிரில், இந்த அம்மாவின் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அதற்கு எலி வேண்டும், அதைவிட மனிதரின் பதிவேடுகள் வேண்டும்.

இது பரம்பரையோ? சித்தப்பாக்கு இருந்தா எங்களுக்கும் வருமோ?

என் தம்பி கேட்டது, சம்பந்தம் பேசத் தொடங்கின மாதம். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவாகத்தான். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்து அளவில். சித்தப்பாவுக்கு என்றால் அதைவிட நன்றாகக் குறைவு. அந்தச் சம்பந்தம் எதால் நின்றது என்பதை எழுதவில்லை. எண்கள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்த நோய்க்கு ஒரு பரம்பரையலகைக் கைகாட்ட முடியாது. 2014இல் மரபணுத் தொகுதியில் 108 இடங்கள் என்றார்கள், 2022இல் 287 ஆயிற்று. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு துளி கூட்டுகிறது. ஓர் இடம் என்பது ஒரு தெரு மாதிரி, எந்த வீட்டில் பிரச்சினை என்று அதில் தெரியாது. வீடு வீடாகத் தட்டுவதற்கு மீன் உதவுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிச் சந்தேகத்துக்குள்ளான 132 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக மீனில் கெடுத்து, மூளையின் வடிவம், எந்தப் பகுதி விழித்திருக்கிறது, குஞ்சு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவை மேலும் ஆராயத் தக்கவை என்று முன்னுக்கு வந்தன. அதுவரை வெறும் இலக்கமாக இருந்த ஒன்று, முன்மூளையில் சில நரம்புக்கலங்கள் உருவாவதற்குத் தேவை என்று தெரிந்தது. எலியில் 132ஐயும் செய்ய எத்தனை வருசம், எவ்வளவு காசு!

கஞ்சா குடிச்சா வருமெண்டு சேர் சொன்னவர். மீனுக்குக் கஞ்சா குடுப்பீங்களோ?

துண்டில் பேரில்லை, பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. நாங்கள் கொடுப்பது கெற்றமின், எம்.கே. 801 என்ற வகை. குளூட்டமேற்றும் டோபமின் போல நரம்புக்கலங்கள் கதைக்கிற ஓர் இரசாயனம். அதைப் பிடிக்கிற வாங்கிகளில் ஒன்றை மூளையில் அடைப்பவை இவை. கெற்றமின் சுகதேகியான மனிதருக்கும் கொஞ்ச நேரம் மனச்சிதைவு போன்ற குழப்பத்தைத் தரும். வளர்ந்த மீனுக்குக் கொடுத்தால் தொட்டியில் வட்டம் வட்டமாகச் சுற்றும், கூட்டத்தோடு ஒட்டாது. கஞ்சா பற்றி உங்கள் சேர் சொன்னது சரி: பதின்ம வயதில் தொடங்கி, அடிக்கடி, காரமானதாக இழுப்பவர்களுக்கு ஆபத்துக் கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கனவே இருந்தால் இன்னும் கூடுதல். அதற்குச் சாட்சி மனிதரிலேயே இருக்கிறது, மீன் தேவையில்லை.

மீனில இருந்து மருந்து வந்திட்டுதோ?

இல்லை. இன்று மருந்தகத்தில் இருக்கும் மனச்சிதைவு மருந்து ஒன்றும் மீனில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. முதல் மருந்து குளோர்ப்புரோமசின், 1952இல் பாரிசில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு ஏறக்குறைய எல்லாமே டோபமின் வாங்கியை அடைப்பவை. 2024 செப்ரெம்பரில்தான் வேறு வழியால் வேலை செய்யும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் மீன் தந்ததல்ல.

மீன் செய்யக்கூடியது சல்லடை வேலை. ஒரு தட்டில் 96 சின்னக் குழிகள், குழிக்கொரு குஞ்சு, குழிக்கொரு மருந்து, மேலே கமரா. ஒரு கிழமையில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். இங்கேதான் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது, என் மேலதிகாரிக்கும் சொல்லியிருக்கிறேன். எம்.கே. 801 கொடுத்த குஞ்சு பறந்து திரிகிறது. மருந்து போட்டதும் நிற்கிறது. கொம்பியூட்டர் "பலன் உண்டு" என்று பச்சை நிறம் காட்டுகிறது. அது சுகமானதா, அல்லது அசைய முடியாமல் கிடக்கிறதா? நித்திரைக் குளிசையும் அதே பச்சையைத்தான் காட்டும். அதனால் நின்ற குஞ்சைத் தட்டிப் பார்ப்போம். முன்சத்தத்தை மதிக்கிறதா, வெளிச்சம் மாறினால் திரும்புகிறதா, பக்கத்துக் குஞ்சைக் கவனிக்கிறதா. பெரும்பாலானவை இந்த இரண்டாம் பரீட்சையில் விழும்.

சித்தப்பாவுக்கு முதன்முதல் ஊசி போட்ட மாதம், "ஆள் அமைதியாயிட்டுது, நல்ல சுகம்" என்று வந்தவர் எல்லாரும் சொன்னார்கள். அப்பம்மா மட்டும் "அவன் என்ர முகத்தைப் பாக்கேல்லையே" என்றா. பிறகு அளவைக் குறைத்து, கை நடுக்கத்துக்கு இன்னொரு குளிசை சேர்த்து, ஒரு வருசத்துக்குக் கிட்டப் போன பிறகு ஒருநாள், "கத்தரிக்குத் தண்ணி விட்டாச்சோ?" என்று அவராகவே கேட்டார். அப்பம்மா அன்றைக்குத்தான் சுகம் என்றா. அப்பம்மாவின் அந்தப் பரீட்சையைத் தட்டுக்கும் கமராவுக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதே என் வேலை.

அப்ப ஊசியை நிப்பாட்டிப் புது மருந்துக்குக் காத்திருக்கலாமோ?

வேண்டாம். நிறுத்தினால் வருத்தம் திரும்பும் ஆபத்து அதிகம், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீள்வது கடினமாகலாம். உடம்பு பெருக்கிறது, கை நடுங்குகிறது என்றால் அதையே வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்குக் குளோசப்பின் என்று ஒன்று இருக்கிறது, ஒழுங்காக இரத்தம் சோதித்துக்கொண்டு எடுக்க வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், நூல் கட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். கிளினிக் திகதியையும் விடாதீர்கள், ஆளைக் கட்டி வைக்காதீர்கள். அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். அவசரமாக யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

உயிரைக் கொல்லுறது பாவமில்லையோ?

பெரியம்மா கேட்டா, வெள்ளிக்கிழமை. சிலவற்றைக் கொல்லத்தான் செய்கிறோம், மயக்க மருந்துத் தண்ணீரில். ஐரோப்பியச் சட்டம் தானாக இரை தேடத் தொடங்கின குஞ்சைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக எண்ணுகிறது, இந்த மீனுக்கு அது ஐந்தாம் நாளளவில். அதற்குப் பிறகு செய்யும் எதற்கும் அனுமதியும் கணக்கும் வேண்டும். குறைந்த தொகையில் முடியுமா என்று முதலில் கேட்பார்கள். பாவமில்லை என்று பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை.

வன்னியில இப்பிடி ஒண்டு தொடங்கேலாதோ?

மீன் வளர்க்கலாம். அதற்கு விருப்பமான சூடு 28 பாகை, அதை நாங்கள் அங்கே காசு கொடுத்து உண்டாக்குகிறோம். இங்கே சித்திரையில் குளிர்த்தத்தான் காசு வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் கல்லுத்தன்மையை வடித்தெடுக்க வேண்டும், கரண்ட் நிற்கக் கூடாது. வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் பீடங்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் குறைச்சலில்லை. ஆனால் எனக்குத் தெரிவைத் தந்தால் மனச்சிதைவில் தொடங்க மாட்டேன். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குத் தண்ணீரில் காரணம் உண்டா என்று தேடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் குஞ்சை வளர்த்துப் பார்ப்பதற்கு மில்லியன் கணக்கில் விலை போகிற கமரா வேண்டாம். ஒரு நுணுக்குக்காட்டியும் தேத்தண்ணி வடியும் இருந்தால் முதல் நாள் வேலை தொடங்கலாம்.

மீனுக்குப் பேர் வைப்பீங்களோ சித்தி?

தொட்டிக்குத்தான், மகள். பிறந்த திகதி, தாய் தகப்பன் எந்தத் தொட்டி, எந்தப் பரம்பரையலகு கெட்டது என்று ஒரு சீட்டு ஒட்டுவோம். ஒன்றுக்கு மட்டும் வேம்பன் என்று வைத்திருக்கிறேன். கூட்டத்தோடு சேராமல் மூலையில் நிற்கும். அதற்கு ஒரு பரம்பரையலகும் கெடவில்லை, பார்த்துவிட்டேன்.